விருந்து மேசையை யார் விரிப்பது?

எங்கள் ஊர்களில் கைப்பக்குவம் உள்ள பெண்ணைத் தேடி அலையத் தேவையில்லை. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ எந்த மாதர் சங்கத்துக்குப் போனாலும், நூறு பேருக்குச் சோறும் ஏழு கறியும் பதினொரு மணிக்குள் இறக்கி வைக்கக்கூடிய பெண்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். ஆனால் அதே சாப்பாட்டை மண்டபத்தில் வெள்ளை விரிப்பு விரித்த மேசையில் ஒழுங்காக அடுக்கி, பக்கத்தில் நின்று விருந்தினருக்குப் பரிமாறும்படி சொன்னால் அந்தப் பெண்களே பின்வாங்குகிறார்கள். "அது ஹோட்டல்காரர் செய்யிற வேலை பிள்ளை" என்கிறார்கள்.

இந்தக் கட்டுரை அந்த வேலையைப் பற்றியது.

மேசை விரிப்பதில் என்ன இருக்கிறது, பசித்தவனுக்குச் சோறு போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நான் பார்த்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு நிறுவனம் நடத்திய இருநாள் கருத்தரங்குக்கு எமது பகுதிப் பெண்கள் குழுவொன்று சமைத்தது. எட்டுப் பேர். அவர்களில் ஆறு பேர் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். அதிகாலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டினார்கள். சாப்பாடு கிடாரங்களில் மண்டபத்தின் பின்வாசலால் போயிற்று. முன்பக்கத்தில் நகரத்து ஹோட்டல் ஒன்றிலிருந்து கறுப்புக் காற்சட்டை அணிந்த மூன்று இளைஞர்கள் வந்து மேசை விரித்து, எங்கள் பெண்கள் சமைத்த கத்தரிக்காய்க் குழம்பைப் பளபளப்பான மூடிப் பாத்திரங்களில் ஊற்றிப் பரிமாறினார்கள். பின்னர் கணக்குப் பட்டியலைப் பார்த்தபோது, அந்த மூவரின் சில மணிநேர வேலைக்கும் பாத்திர வாடகைக்கும் போன தொகை எட்டுப் பெண்களின் கூலியைவிட அதிகமாக இருந்தது. நன்றியுரையில் ஹோட்டலின் பெயர் வந்தது. சமைத்தவர்கள் அப்போது பின்னால் கிடாரம் மினுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ஏர்விங் கொஃப்மன் என்பவரைப் படிப்பித்தார்கள். மனிதர் ஒவ்வொருவருக்கும் முன்மேடை, பின்மேடை என்று இரண்டு உண்டு என்பது அவருடைய கருத்து. 1956 இல் வெளிவந்த அவரது நூலில், ஸ்கொட்லாந்தின் வடக்கேயுள்ள ஷெட்லண்ட் தீவின் ஒரு ஹோட்டலில் குசினிக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் இடையில் நடப்பவை உதாரணங்களாக வருகின்றன. பரீட்சைக்காக அதை மனனம் செய்தோம். எங்கள் பெண்களுக்கும் அந்தக் கதவுக்கும் உள்ள தொடர்பு அந்தப் பட்டியலைப் பார்த்த அன்றுதான் எனக்கு விளங்கியது. பின்மேடையில் நிற்பவருக்குக் கூலி. முன்மேடையில் நிற்பவருக்கு விலையும் பெயரும்.

வடக்கில் விவசாயத் திணைக்களத்தின் ஆதரவோடு நடக்கும் அம்மாச்சி உணவகங்களுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே பெண்கள் வாடிக்கையாளரின் கண் முன்னால் நின்றே தோசை சுடுகிறார்கள், பணமும் வாங்குகிறார்கள். ஆகவே முன்னுக்கு நிற்க எங்களுக்கு முடியாது என்பதல்ல. மண்டப மேசைக்கான முறையை யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

அந்த முறையில் பாதி வெறும் அளவுதான். தையல் தெரிந்த பெண்ணுக்கு இது கைவந்த காரியம்.

வாடகைக்குக் கிடைக்கும் நீள மேசை பெரும்பாலும் 6 அடி நீளம், 30 அங்குல அகலம், 30 அங்குல உயரம். உணவு அடுக்கும் மேசையின் விரிப்பு நிலம்வரை தொங்கவேண்டும். அப்போதுதான் கீழே வைக்கும் பெட்டிகளும் வாளியும் வெளியே தெரியாது. நீளத்துக்கு 72 உடன் இருபுறமும் 30, 30 கூட்டினால் 132 அங்குலம். அகலத்துக்கு 30, 30, 30 ஆக 90 அங்குலம். கடையில் வெள்ளைப் பருத்தித் துணி 45 அங்குல அகலத்தில் கிடைத்தால் இரண்டு பட்டை வேண்டும். 7½ யார் வாங்கினால் போதும். இரண்டு பட்டையையும் நடுவில் மூட்டித் தைத்துவிடாதீர்கள். தையல் மேசையின் நடுவே ஓடிக் கோப்பைகளைச் சரிக்கும், கண்ணுக்கும் உறுத்தும். ஒரு பட்டையை முழுதாக நடுவில் விட்டு, மற்றதை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து இரு பக்கமும் மூட்டுங்கள். அப்போது தையல் மேசை விளிம்புக்குக் கீழே, தொங்கலில் போய் மறைந்துவிடும். தையலுக்கும் கரை மடிப்புக்கும் போக விரிப்பு நிலத்திலிருந்து ஒன்றரை அங்குலம்வரை மேலே நிற்கும். அது நல்லதே, அழுக்குப் படாது, ஒருவரும் மிதிக்கமாட்டார்கள்.

விரிப்புக்குக் கீழே பழைய படுக்கை விரிப்பொன்றை மடித்துப் போடுங்கள். பாத்திரம் வைக்கும் சத்தம் அடங்கும், பழைய மேசையின் ஓட்டையும் ஆணியும் தெரியாது. நிறத் துணி வேண்டுமென்றால், மருதமுனைக் கைத்தறித் துணியில் ஒரு முழ அகலத்துக்கு ஒரு துண்டை வெள்ளையின் மேல் நீளவாக்கில் ஓடவிடலாம். மேலே கண்ணாடிப் பொலித்தீன் விரிக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதை விரித்தால் விருந்து மேசை தேநீர்க்கடை மேசையாகிவிடுகிறது.

பொலித்தீன் என்றதும் இன்னொன்று. கோப்பையின் மேல் லஞ்ச் சீற் போட்டுச் சாப்பாடு கொடுப்பது எங்களுக்குப் பழகிப்போனது. பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் 2017 செப்டெம்பர் 1 இல் நாட்டில் தடை வந்தது. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்ரிக் கோப்பை, கரண்டி, முள்ளுக்கரண்டி, உறிஞ்சிக் குழாய், பிளாஸ்ரிக் மாலை ஆகியவற்றுடன் பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டும் தடைப்பட்டியலில் சேர்ந்தது. இதை நட்டமென்று நினைக்கவேண்டாம். வாழையிலையை நெருப்பில் வாட்டி வட்டமாக வெட்டிக் கோப்பையில் விரித்தால் எந்த ஹோட்டல் மேசையும் அதற்குப் பக்கத்தில் வராது. பனையோலையில் இழைத்த தட்டும் பெட்டியும், கூழுக்குப் பனையோலைப் பிளாவும் எங்கள் கையில் இருப்பவை. பஃபே பாத்திரம் வாடகைக்கு எடுக்க வசதியில்லாத நாளில், புதிய மண்சட்டிகளை உருளாமல் திருகணையில் இருத்தி மூடி வையுங்கள். மண்சட்டி சூட்டை நெடுநேரம் வைத்திருக்கும்.

இனி அடுக்கும் ஒழுங்கு. முதலில் கோப்பைகள், பிறகு சோறு, குழம்புகள், பிரட்டல், வறை, சம்பல், கடைசியில் அப்பளமும் மோர்மிளகாயும். கரண்டியும் சேர்வியற்றும் வரிசையின் முடிவில்தான் இருக்கவேண்டும். தொடக்கத்தில் வைத்தால் ஒரு கையில் கோப்பை, மறு கையில் கரண்டியும் கடதாசியுமாக மனிதர் எந்தக் கையால் கறி எடுப்பது? ஒவ்வொரு கறிக்கும் தனி அகப்பை, அதன் பிடி விருந்தினர் பக்கம். அகப்பையைச் சாத்தி வைக்க ஒரு சிறு தட்டு. பின்வரிசைப் பாத்திரங்களை உயர்த்த, விரிப்புக்குக் கீழே மரப்பெட்டி கவிழ்த்து வைக்கலாம். பஃபே பாத்திரத்தின் அடித்தட்டில் ஓர் அங்குலத்துக்குக் கொதிநீர் ஊற்றி, உணவு வைப்பதற்கு இருபது நிமிடம் முன்னரே கீழே நெருப்பு வையுங்கள். உணவு 60 பாகை செல்சியசுக்கு மேலே சூடாக இருக்கவேண்டும். ஆறிய சோறும் மீன்குழம்பும் எங்கள் வெயிலில் இரண்டு மணிநேரத்துக்கு மேல் இருப்பது ஆபத்து.

சைவ உணவுக்குத் தனி மேசை கட்டாயம், தனி அகப்பையும் கட்டாயம். ஆனால் அந்த மேசையை மூலைக்குள் தள்ளி, பழைய விரிப்பைப் போட்டு வைப்பதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். இரண்டு மேசைக்கும் ஒரே விரிப்பு, ஒரே பூ இருக்கட்டும். முஸ்லிம் சகோதரிகள் வரும் நிகழ்வென்றால் இறைச்சியை எங்கே வாங்கினோம் என்பதை எழுதி வையுங்கள். உணவின் பெயரைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் சிறு அட்டையில் எழுதினால் ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லத் தேவையில்லை.

வரிசையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் சமைத்த சாப்பாட்டுக்காகக் கோப்பையோடு வரிசையில் நின்றவர்கள் எங்கள் நிகழ்வுகளுக்கு வருகிறார்கள். ஓர் அம்மா எந்தச் செயலமர்விலும் மதியச் சாப்பாட்டு நேரம் வெளியே போய் மரத்தடியில் இருந்துவிடுவார். பசி இல்லை என்பார். ஒருநாள் பக்கத்தில் போய் இருந்தபோது, "கோப்பையை நீட்டிக்கொண்டு இனி ஏலாது மோனை" என்றார். பஃபே என்பது நாகரிகத்தின் அடையாளம் என்று நினைக்கும் ஏற்பாட்டாளருக்கு இது விளங்காது. மேசை விரிக்கும் எங்களுக்கு விளங்கவேண்டும். நூறு பேருக்கு ஒரு பக்க வரிசை போட்டால் கடைசியாள் அரை மணிநேரத்துக்கு மேல் நிற்பார். மேசையைச் சுவரிலிருந்து நகர்த்தி, இரு பக்கமும் ஒரே கறிகளை வைத்தால் அது பாதியாகும். மேசை மேசையாக அழைத்தால் இன்னும் நல்லது. வயது போனவர்களுக்கும் வரிசை பிடிக்காதவர்களுக்கும் இருந்த இடத்திலேயே பரிமாற இரண்டு பேரை ஒதுக்குங்கள். மரத்தடி அம்மாவுக்கு இப்போது அப்படித்தான். அவர் உள்ளே வந்து இருக்கிறார்.

இருந்து சாப்பிடும் மேசையில் ஒருவருக்கு 24 அங்குல இடம் வேண்டும். 6 அடி மேசையின் ஒரு பக்கத்தில் மூன்று பேர். நாலாவது ஆளைத் திணிக்கச் சொல்வார்கள், சம்மதிக்கவேண்டாம். 5 அடி வட்ட மேசைக்கு எட்டுப் பேர். கோப்பை மேசை விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே. அடிமட்டம் தேடவேண்டாம், பெருவிரலின் மேற்கணு ஏறத்தாழ அதே அளவுதான். முள்ளுக்கரண்டி இடப்பக்கம், கரண்டி வலப்பக்கம், தண்ணீர்க் கிளாஸ் கரண்டிக்கு நேர் மேலே. எங்கள் விருந்தில் பலரும் கையால்தான் சாப்பிடுவார்கள். அதற்காக வெட்கப்பட்டு நாலு விதக் கரண்டி பரப்புவதைவிட, முடிவில் வெதுவெதுப்பான நீரில் எலுமிச்சைத் துண்டு மிதக்கவிட்ட கிண்ணத்தைக் கொண்டுபோய் வைப்பது எவ்வளவோ அழகு. சேர்வியற்றை அன்னமாகவும் தாமரையாகவும் மடிக்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. எத்தனை விரல் பட்ட கடதாசி அது! நீளமாக ஒரு மடிப்புப் போதும்.

இந்த மேசைக்கு விரிப்பு நிலம்வரை தொங்கக்கூடாது. 10 அல்லது 12 அங்குலம் போதும். சக்கர நாற்காலியில் வருபவரின் முழங்கால் மேசைக்கு அடியில் போகவேண்டும், அதற்குக் கீழே 27 அங்குல உயரமாவது வெறுமையாக இருக்கவேண்டும். நீளத் தொங்கல் சில்லில் சிக்கி மேசையிலுள்ள அனைத்தையும் இழுத்துவிடும். மேசைகளுக்கிடையில் 3 அடி வழி விடுங்கள். ஒவ்வொரு மேசையிலும் ஓர் இடத்தில் கதிரை போடாமல் விட்டால், சக்கர நாற்காலியில் வருபவர் தான் விரும்பியவர்களோடு இருக்கலாம். ஒரு கை இல்லாதவருக்குத் தட்டையான கோப்பை பயன்படாது. சோறு விளிம்பால் வழியும். விளிம்பு உயர்ந்த ஆழக் கோப்பைகள் பத்தாவது கையிருப்பில் இருக்கட்டும். முள் எடுத்த மீன்கறி ஒன்றும் செய்து வையுங்கள். கால் இழந்தவரின் கோப்பையைக் கேட்காமல் பிடுங்கிக்கொண்டு போகவேண்டாம். "என்ன எடுத்துக்கொண்டு வரட்டும் அண்ணா?" என்று கேட்டால் அவரே சொல்வார். எங்கள் மாவட்டங்களில் இப்படியானவர்கள் இல்லாத சபை இல்லை. நகரத்து ஹோட்டல் இளைஞர்கள் இவற்றை யோசித்து மேசை போட்டதை நான் ஒருநாளும் கண்டதில்லை; எங்கள் பெண்களுக்கு இது வீட்டில் தெரிந்த விடயம்.

பூ அதிகம் வேண்டாம். எதிரே இருப்பவரின் முகத்தை மறைக்கும் பூங்கொத்து எதற்கு? ஓர் அடிக்குமேல் உயரம் வேண்டாம், கடும் வாசம் உள்ள பூவும் வேண்டாம், சாப்பாட்டின் வாசத்தை அது கெடுக்கும். செவ்வரத்தை பின்னேரத்துக்குள் சுருங்கிவிடும். குறோட்டன் இலை இரண்டு நாள் நிற்கும், முற்றத்தில் இலவசமாகக் கிடைக்கும். குருத்தோலைத் தோரணம் கட்டுவதென்றால் நல்ல காரியத்துக்கும் துக்க வீட்டுக்கும் கட்டும் முறை வேறு. ஊரில் மூத்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டுத் தொங்கவிடுங்கள்.

இதுவரை சொன்னவற்றைக் குழுவினர் நாலைந்து ஒத்திகையில் பழகிவிட்டார்கள். கடினமானது வேறு. குழுவின் மேசையைக் கண்ட ஒருவர் தன் மகளின் கல்யாணத்துக்கு விசாரித்தார். விலை பேசி முடிந்தபின், "பரிமாற வாறவை ஆர்? எல்லாரும் புருசன்மார் இருக்கிற ஆக்களோ?" என்று கேட்டார். எட்டுப் பேரில் நாலு பேரின் கணவர்மார் இறந்துவிட்டார்கள். இரண்டு பேரின் கணவர்மார் 2009 இலிருந்து காணாமல் ஆக்கப்பட்டவர்கள். அந்த இருவரும் பொட்டு வைக்கிறார்கள். அவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று கேட்டவருக்கும் தெரியவில்லை.

சமைத்த கையில் இல்லாத துடக்கு பரிமாறும்போது எங்கிருந்து வருகிறது என்று நான் கோபப்பட்டேன். குழுவின் மூத்த அக்கா கோபப்படவில்லை. "நாங்கள் எட்டுப் பேரும் ஒரு கை. வேணுமெண்டால் எட்டுப் பேரும் வருவம், வேண்டாமெண்டால் ஒருத்தரும் வரேல்லை" என்று தொலைபேசியில் அமைதியாகச் சொன்னார். அந்தக் கல்யாணம் கைவிட்டுப் போனது. அந்த மாதம் வேறு வேலையும் வரவில்லை, இரண்டு பேர் தோட்டக் கூலிக்குப் போனார்கள். உரிமை பேசுவது பட்டினியோடும் சம்பந்தப்பட்டது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அதன்பின் போரில் கணவரை இழந்த ஒரு தாய் தன் மகனின் திருமணத்துக்கு இவர்களைத் தேடி வந்தார். "பிள்ளையள், நீங்கள் முன்னுக்கு நிண்டால்தான் நானும் முன்னுக்கு நிப்பன்" என்றார். தலைவாழை இலையின் நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம் வரும்படி நேர்வரிசையில் இலை போட்டு, எட்டுப் பேரும் ஒரே நிறச் சேலையில் பந்தி பரிமாறினார்கள். எல்லா வீடும் அப்படி இல்லை. இன்றும் சிலர் வரவேற்பு மேசைக்கு மட்டும் அழைத்து, பந்திக்கு வேறு ஆட்களை வைக்கிறார்கள். குழு அதை ஏற்பதா விடுவதா என்பதை ஒவ்வொரு தடவையும் எட்டுப் பேரும் இருந்து பேசித் தீர்மானிக்கிறார்கள்.

காசுக் கணக்கு. விலைப் பட்டியலில் சாப்பாடு, மேசை அலங்காரம், வாடகைப் பாத்திரம், பரிமாறுதல், போக்குவரத்து என்று ஐந்தையும் தனித்தனியே எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே தொகையில் போட்டால் பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவது உங்கள் கூலிதான். பாதியை முற்பணமாக வாங்குங்கள். பஃபே பாத்திரம் வாங்க நுண்கடன் எடுக்கவேண்டாம். வாராவாரம் வாசலில் வந்து நிற்பவர்களை நாங்கள் எல்லோரும் அறிவோம். முதலில் சொந்தமாக வேண்டியது நாலு விரிப்பும் நூறு கரண்டியும். மற்றவற்றை வாடகைக்கு எடுங்கள். உணவைக் கையாள்பவர்களுக்கான மருத்துவச் சான்றிதழ் பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். சமையலாளருக்கும் உணவு பரிமாறுநருக்கும் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் உண்டு. பாடசாலைப் படிப்பு இடையில் நின்றவர்களும் தொழில் அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டுக்குத் தோற்றலாம். பிரதேச செயலகத்திலுள்ள மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் விசாரித்தால் விபரம் கிடைக்கும்.

நிகழ்வு முடிந்ததும் கரண்டிகளை எண்ணாமல் மண்டபத்தை விட்டு வராதீர்கள். விரிப்பில் மஞ்சள் கறை இருக்கும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, ஈரத்தோடு உச்சி வெயிலில் விரித்துவிடுங்கள். மஞ்சள் நிறம் வெயிலில் வெளிறும். ஒரு நாளில் போகாவிட்டால் மறுநாளும் நனைத்துக் காயவிடுங்கள்.